யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகை, 1658: மேசையில் எங்கே பிழைக்கிறது?

யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையைப் பொம்மைப் படைகளும் பகடையும் வைத்து மேசையில் ஆடும் போர்விளையாட்டாக்கி, முதலில் மூன்று முறை ஆடினோம். மூன்று முறையும் ஒல்லாந்தர் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கோட்டைக்குள் நுழைந்துவிட்டார்கள். மூன்றாம் முறை தேநீர் கொண்டுவந்த அம்மா, "அதற்குள் யாழ்ப்பாணம் விழுந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு, எல்லாரும் எழுந்துவிட்டதைப் பார்த்துத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோனார்.

உண்மையில் நடந்தது வேறு. 1656 மே மாதம் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், 1658 இன் தொடக்கத்தில் தூத்துக்குடியையும் மன்னாரையும் எடுத்துக்கொண்டு, மார்ச்சில் போர்த்துக்கேயர் கையில் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையை வளைத்தார்கள். படைக்குத் தலைவர் ரைக்லொப் வான் கூன்ஸ். கோட்டை சரணடைந்தது ஜூன் பிற்பகுதியில். மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே பசியும் நோயும் பெருகின. போர்த்துக்கேயரின் தலைமையிடமான கோவாவிலிருந்து வரவேண்டிய உதவி வரவே இல்லை. கடைசியில் கதவு உள்ளிருந்து திறந்தது. படையோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ் இதையெல்லாம் எழுதி 1672 இல் புத்தகமாக்கினார்.

ஆகவே ஆட்டம் பிழைக்கும்போது முதலில் பகடையைத் திட்டாதீர்கள். அந்த மனிதர்களுக்கு எது குறைவாக இருந்தது, எது தெரியாமல் இருந்தது என்று பாருங்கள். எங்கள் மேசையில் பிழைத்தவற்றில் பாதிக்கு மேல் அங்கேதான் பிழைத்தன. மீதி பசையிலும் பெயின்ற்றிலும் பிழைத்தது. அதுவும் கீழே இருக்கிறது.

எங்கள் அளவுகள் இவை: 6 அடிக்கு 4 அடி மேசை (விறாந்தையில் இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்தது), 15 மி.மீ. பொம்மைகள், ஒரு பொம்மைக்கு 20 பேர், நிலத்தில் 5 மீற்றருக்கு மேசையில் 1 செ.மீ., ஒரு சுற்றுக்கு ஒரு கிழமை. இனி வரும் புள்ளிகளும் படை எண்ணிக்கைகளும் ஆட்டத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. அவற்றை வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மருந்துக் கடையில் வருத்தத்தைச் சொல்லி மருந்து வாங்குவது போல, உங்கள் மேசையில் உள்ள வருத்தம் எதுவோ அந்த இடத்துக்கு நேரே போங்கள்.

ஒல்லாந்தர் உடனே மதிலேறி வென்றுவிடுகிறார்கள்

இரண்டு காரணங்கள். முதலாவது, மதில் உடையும் விதி. நாங்கள் முதலில் எழுதிய விதி: ஒரு பீரங்கிக்கு ஒரு பகடை, 6 விழுந்தால் மதிலில் உடைப்பு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு பீரங்கி இருந்தால் முதல் சுற்றிலேயே ஒரு 6 ஆவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 52 வரை போகிறது. அதாவது காசைச் சுண்டிப் பார்த்துக் கோட்டையைக் கொடுப்பது போல.

திருத்தம்: ஒரே பெரிய எறிதலை உடைத்துப் பல சிறிய எறிதல்களாக்குங்கள். மதிலின் ஒவ்வொரு துண்டும் 10 அடி தாங்கும் என்று வையுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் ஓர் அடி. நான்கு பீரங்கிக்குச் சராசரியாகச் சுற்றுக்கு ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல் விழும். மதில் உடைய ஏழு, எட்டுக் கிழமை ஆகும். அதிர்ஷ்டம் இருக்கும், ஆனால் அது ஆட்டத்தை விழுங்காது. பீரங்கியை வைக்குமுன் பதுங்குகுழியும் மண்மேடும் வெட்டவேண்டும் என்பதையும் சேருங்கள். குடாநாட்டில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: மேல்மண் கொஞ்சம், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதனால் எங்கள் விதியில் குழி வெட்டும் வேகத்துக்கும் பகடை உண்டு; 1 அல்லது 2 விழுந்தால் அந்தக் கிழமை கல்லோடு போய்விட்டது.

இரண்டாவது காரணம் பெரியது. வென்றால் போதும் என்று ஆடுகிறவருக்குத் தன் ஆட்களின் உயிர் இலவசம். வான் கூன்ஸுக்கு அப்படி இல்லை. இறந்த ஒரு சிப்பாய்க்குப் பதிலாள் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கடல் கடந்து வரவேண்டும். யாழ்ப்பாணத்தோடு வேலையும் முடியவில்லை; அடுத்த மாதமே, 1658 ஜூலையில், அதே ஒல்லாந்தர் நாகபட்டினத்தை எடுத்தார்கள். நாளைக்கு ஆள் தேவைப்படுகிறவன் இன்று ஏணியில் ஆட்களை ஏற்றிக் கொல்லமாட்டான்.

இதைப் புள்ளியில் கொண்டுவாருங்கள். கோட்டை விழுந்தால் ஒல்லாந்தருக்கு 40 புள்ளி. இழந்த ஒவ்வொரு பொம்மைக்கும் 2 புள்ளி கழியும். 15 ஆம் கிழமைக்குப் பின் ஒவ்வொரு கிழமைக்கும் 3 கழியும். இரண்டாம் கிழமையே மதிலேறி 15 பொம்மைகளை இழந்தால், அதாவது 300 பேரை, கையில் மிஞ்சுவது 10 புள்ளி. எங்கள் குழுவில் மிக அவசரக்காரரான நண்பர் இந்த விதி வந்த நாளில் ஏணியைக் கையில் எடுத்தார், யோசித்தார், திரும்ப வைத்துவிட்டுக் குழி வெட்டத் தொடங்கினார். விதி வேலை செய்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

போர்த்துக்கேயர் பக்கம் ஆட ஒருவரும் முன்வருவதில்லை

வந்தாலும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். குற்றம் அவருடையதல்ல. மதிலுக்குப் பின்னால் பொம்மைகளை அடுக்கிவிட்டு அடி வாங்குவது மட்டும்தான் அவருக்கு வேலை என்றால் யார்தான் இருப்பார்கள்?

கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு உண்மையில் ஓயாத தலையிடி இருந்தது. எல்லாம் சோற்றைப் பற்றியது. அந்தத் தலையிடியைத்தான் அவருக்குக் கொடுக்கவேண்டும்.

30 பொம்மைகளும் 90 உணவுப் புள்ளிகளும் கொடுங்கள். முழுப் பங்கீடு கொடுத்தால் கிழமைக்கு 9 போகும். பத்துக் கிழமையில் களஞ்சியம் வெறுமை. அரைப் பங்கீட்டுக்கு 5. பதினெட்டுக் கிழமை தாங்கும். ஆனால் அரை வயிறோடு காவல் நிற்கிறவனுக்கு நோய் வரும்: கிழமைக்கு ஒரு பகடை, 1 அல்லது 2 விழுந்தால் ஒரு பொம்மை போகும். கால் பங்கீட்டுக்கு 3; அப்போது 1 முதல் 4 வரை எது விழுந்தாலும் ஒரு பொம்மை. ஒவ்வொரு கிழமையும் அவர் ஒரு துண்டில் எழுதி நடுவரிடம் கொடுக்கவேண்டும். ஒல்லாந்தர் பக்கத்துக்கு அது தெரியாது.

அடுத்து, பொதுமக்கள். கோட்டைக்குள் சிப்பாய்கள் மட்டும் இருக்கவில்லை. அந்த 9 புள்ளியில் 3 பெண்களும் பிள்ளைகளும் சாப்பிடுவது என்று வையுங்கள். அவர்களை வெளியே அனுப்பலாமா என்ற கேள்வி நான்காம் கிழமை தானாக எழும். அனுப்பினால், ஒல்லாந்தர் ஆடுகிறவர் அவர்களைப் போகவிடலாம், அல்லது திருப்பித் துரத்தலாம். துரத்தினால் அவர்கள் மதிலுக்கும் பதுங்குகுழிக்கும் நடுவே இருப்பார்கள்; அவர்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் இரு பக்கத்துக்கும் 4 புள்ளி கழியும். முதல் முறை இது நடந்தபோது மேசையில் பேச்சு நின்றுவிட்டது. அட்டையில் வெட்டிய ஆறு உருவங்கள்தான். ஆனாலும் நின்றுவிட்டது.

இரவில் வெளியே பாய்ந்து பதுங்குகுழியைக் குலைப்பதற்கும் இடம் கொடுங்கள். இரண்டு பொம்மைக்கு மேல் இழக்காமல் திரும்பினால் ஒல்லாந்தரின் ஒரு கிழமை வேலை வீண்.

வெற்றிக் கணக்கையும் மாற்றவேண்டும். போர்த்துக்கேயர் கோட்டையைக் காப்பது நடக்காத காரியம். அவருக்குக் கேள்வி, எவ்வளவு காலம், எத்தனை பேரோடு என்பது. தாங்கிய கிழமைக்கு 2 புள்ளி, சரணடையும்போது உயிரோடு இருக்கும் பொம்மைக்கு 1 புள்ளி. நீட்டினால் ஆள் குறையும். ஆளைக் காத்தால் காலம் குறையும். இந்த விதிக்குப் பிறகு எங்கள் குழுவில் போர்த்துக்கேயர் பக்கத்துக்குத்தான் போட்டி.

முடிவு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது

வெளியூர்க்காரர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள்: ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மாற்றிவிட்டு ஆடக் கொடுப்பது. யாழ்ப்பாணத்தில் அது நடக்காது. 1658 என்பது பரீட்சைக்குப் பாடமாக்கிய ஆண்டு. மேசையில் கடல் நீரேரியையும் கோட்டையையும் வைத்துவிட்டு இது ஏதோ ஐரோப்பிய நகரம் என்றால் என் பெறாமகனே சிரிப்பான்.

ஆகவே முடிவை மறைக்காதீர்கள். வழியில் உள்ளதை மறையுங்கள். கோட்டைத் தளபதிக்குக் கோவாவிலிருந்து கப்பல் வராது என்று தெரியாது. ஒல்லாந்தரின் கப்பல்கள் கோவாவை மறித்து நின்றன என்பதை அவர் ஊகித்திருக்கலாம், ஆனால் நாளைக்கே ஒரு பாய் தெரியலாம் என்ற நினைப்பில்தான் ஒவ்வொரு கிழமையும் அரிசியை அளந்திருப்பார். அந்த நினைப்பை மேசைக்குக் கொண்டுவர ஆறு உறைகள் போதும். ஐந்தில் ஒன்றுமில்லை. ஒன்றில், "இரவில் இரண்டு தோணி அரிசி வந்தது, 12 புள்ளி." ஆறாம் கிழமையிலும் பத்தாம் கிழமையிலும் ஒவ்வோர் உறை திறக்கலாம். அவ்வளவுதான். அந்த ஓர் உறைக்காக மனிதர்கள் அரைப் பங்கீட்டில் இருந்து பொம்மைகளைச் சாகவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நடுவர் ஒருவர் வேண்டும். பிரஷ்ய இராணுவத்தில் 1824 இல் றைஸ்விற்ஸ் என்ற அதிகாரி வெளியிட்ட போர்விளையாட்டிலும் இரு பக்கத்து முழு நிலைமையும் நடுவருக்குத்தான் தெரியும். தளபதிகளுக்குக் கிடைத்தது அறிக்கைகள். நடுவராக இருப்பது சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு முறை இருந்து பாருங்கள். இரு பக்கத்துப் பொய்களையும் கேட்டுக்கொண்டு முகத்தை மாற்றாமல் இருப்பது தனிச் சுகம்.

கோட்டைக்கு ஐந்து மூலை இருக்கிறது

ஆட்டம் நன்றாகத்தான் போகும். ஆனால் வரலாற்று ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்தால் உங்கள் மானம் போகும். எங்களுக்குப் போனது.

நாம் இன்று பண்ணைப் பக்கம் போய்ப் பார்க்கும் ஐங்கோணக் கோட்டை ஒல்லாந்தர் வென்ற பிறகு கட்டியது. உட்கோட்டை 1680 அளவில் முடிந்தது. வெளி அரண்கள் 1792 வரை இழுத்தன. ஹொலண்ட், சீலண்ட், உட்ரெக்ட் என்று கொத்தளங்களுக்குத் தங்கள் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். 1658 இல் அவர்கள் முற்றுகையிட்டது போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையை; அற்புத மாதாவின் பெயரைக் கொண்டது அது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேறா, பின்னர் தலைமையிடத்தை நல்லூரிலிருந்து இங்கே மாற்றினார்.

நான் ஐங்கோணத்தை மூன்று கிழமை வெட்டி ஒட்டிய பிறகுதான் இது மண்டையில் உறைத்தது. தூக்கி எறியவில்லை, 1795 இல் ஆங்கிலேயர் வந்ததை ஆடலாம் என்று வைத்திருக்கிறேன். அது சண்டையில்லாமல் கைமாறியது என்பதால் ஆட்டம் மிகச் சுருக்கமாக இருக்கும்.

அதே மூச்சில் மேசையிலிருந்து எடுக்கவேண்டியவை: கோட்டைக்குள் சிலுவை வடிவ ஒல்லாந்தத் தேவாலயம் (1706), பண்ணைப் பாலம், பெறாமகன் ஆசையோடு செய்துவந்த மணிக்கூட்டுக் கோபுரம். அது வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. அவனுக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஐஸ்கிரீம் செலவானது.

கப்பல்கள் மதிலடிக்கே வந்து சுடுகின்றன

கடல் நீரேரிக்கு நீலப் பெயின்ற் அடித்தவுடன் எல்லாரும் அதை ஆழ்கடலாக நினைத்துவிடுகிறார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் நங்கூரமிடும் கப்பல் கோட்டையடிக்கு வராது; நீரேரி ஆழமற்றது. தோணிகளும் சிறு படகுகளும் மட்டும் உள்ளே வரலாம் என்று விதி எழுதுங்கள். நீலத்தில் கொஞ்சம் மண்ணிறத்தைக் கலந்துவிட்டால் விதியை நினைவூட்டவும் தேவையில்லை.

துப்பாக்கி மேசை முழுக்க எட்டுகிறது

முதலில் அளவைப் பாருங்கள். திரித் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுப் பயன் பெறும் தூரம் தாராளமாக வைத்தாலும் 100 மீற்றர். எங்கள் அளவில் 20 செ.மீ. அதற்கு மேல் சுடுவது புகைக்காக. மழைச் சுற்றில் திரி நனையும். பாதிப் பகடைகளை எடுத்துவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் பிழைத்தால், உங்கள் மேசை மொட்டையாக இருக்கிறது. புத்தக விதிகள் மலையையும் பள்ளத்தாக்கையும் நம்பி எழுதப்பட்டவை. இங்கே மலையில்லை, ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லை. ஆனால் கண்ணை மறைக்க யாழ்ப்பாணத்தில் எப்போதும் வேறொன்று இருக்கிறது: வேலி. ஒழுங்கைக்குள் நின்றால் அடுத்த வளவில் என்ன நடக்கிறது என்று தெரியாது, சத்தம்தான் கேட்கும். ஓலை வேலியும் கதியால் வேலியும் பார்வையை மறைக்கும், ஆனால் குண்டைத் தடுக்காது. ஒழுங்கையில் மூன்று பொம்மைக்கு மேல் பக்கம் பக்கமாகப் போகமுடியாது. இந்த இரண்டு விதியும் மேசையின் குணத்தையே மாற்றிவிடும். கோட்டையைச் சுற்றி மட்டும் வெட்டவெளி விடுங்கள். துப்பாக்கிக்கு எதிரே வேலி நிற்கவிடுகிற தளபதி இல்லை.

மரங்களைப் பற்றி ஒரு புலம்பல். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மரங்களை வாங்கி நட்டால் மேசை சுற்றுலா விளம்பரம் போல ஆகிவிடும், அவை தென்னை. நமக்கு வேண்டியது பனை, பனைக்கு விசிறி ஓலை. பச்சைக் காகிதத்தில் சிறு வட்டங்கள் வெட்டி, விசிறி மடிப்பாக மடித்து, மூங்கில் குச்சியின் நுனியில் எட்டோ பத்தோ ஒட்டுங்கள். உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: 22 மீற்றர்ப் பனை 15 மி.மீ. பொம்மைக்குப் பக்கத்தில் 20 செ.மீ. நிற்கவேண்டும். இரண்டு பேர் முறையிட்டார்கள், பனை கோட்டையைவிட உயரமாக இருக்கிறதாம். அப்படித்தான் இருக்கும்.

கோட்டை மேசையைத் தின்றுவிடுகிறது

பொம்மையின் அளவும் நிலத்தின் அளவும் ஒன்றல்ல என்பதை மறந்ததால் வருவது. உதாரணத்துக்கு 150 மீற்றர் மதிலைப் பொம்மை அளவில் செய்தால் 136 செ.மீ.; நில அளவில் செய்தால் 30 செ.மீ. நீள அகலத்தை நில அளவிலும் உயரத்தைப் பொம்மை அளவிலும் செய்யுங்கள். பார்க்க அகலத்துக்கு உயரம் கூடிய பெட்டி போல இருக்கும். இரண்டு ஆட்டத்தில் கண் பழகிவிடும்.

மேசையில் ஊர்ச்சனம் இல்லை

இதை யாரும் பிழையாகக் கவனிப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் முதல் ஆட்டங்களில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் இருந்தார்கள், போர்த்துக்கேயர் இருந்தார்கள், பனை இருந்தது. யாழ்ப்பாணத்தார் இல்லை. குடிசைகள் வெறும் மறைப்பு. பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டுக் கேட்டார்: "வேலி அடைத்தது யார், தம்பி?"

இரு பக்கத்துக்கும் உள்ளூர்ப் படைவீரர்கள், லஸ்கரின்கள், இருந்தார்கள். அரிசி, விறகு, மாடு, வண்டி, குழி வெட்டும் கை எல்லாம் கிராமங்களிலிருந்து வரவேண்டும். அந்தக் கிராமங்கள் அப்போது 39 ஆண்டு போர்த்துக்கேய ஆட்சியைப் பார்த்தவை. நல்லூர்க் கோயில் 1621 இல் இடிக்கப்பட்டதை நினைவில் வைத்திருந்தவர்களும், கத்தோலிக்கராகி அந்த மதத்தில் வேரூன்றியவர்களும் அருகருகே இருந்தவை. எல்லாரும் ஒரே மனம் என்று ஒரே விதி எழுதினால் அது பொய்.

எங்கள் திருத்தம் மூன்றாவது ஆட்டக்காரர். அவர் கையில் பத்துக் கிராம அட்டை. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு கிராமமும் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று அவரே இரகசியமாக எழுதுவார். ஒல்லாந்தர் ஒரே கிராமத்திடம் அடுத்தடுத்து இரண்டு கிழமை ஆள் கேட்டால் அந்த அட்டை கவிழும், ஆட்கள் காட்டுக்குள். போர்த்துக்கேயர் இரவில் ஆளனுப்பிக் கேட்கலாம், பழைய உறவைச் சொல்லி. மூன்றாவது ஆட்டக்காரரின் புள்ளி, கடைசியில் கவிழாமலும் எரியாமலும் நிற்கும் கிராமங்களின் எண்ணிக்கை. யார் வென்றாலும் அவருக்குக் கவலையில்லை. எங்கள் ஆட்டத்தில் கடைசி நான்கு முறையில் மூன்று முறை, இரு தளபதிகளையும் விட அவரே நன்றாக ஆடினார்.

பசை, பெயின்ற், கறையான்

மதிலில் ஓட்டை ஓட்டையாக உருகிவிட்டது: ரெஜிபோமில் (தெர்மோகோல்) நேரே ஸ்ப்ரே பெயின்ற் அடித்திருக்கிறீர்கள். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும். சூப்பர் குளூவும் அதையேதான் செய்யும். ஹாட்வெயார் கடையில் பைன்டர் கம் என்று கேட்டு வாங்கும் வெள்ளைப் பசையில் சலித்த மணலைக் கலந்து முதலில் இரண்டு பூச்சுப் பூசுங்கள். காய்ந்தபின் தண்ணீரில் கரையும் பெயின்ற் மட்டும். மணல் கலந்த பூச்சு முருகைக்கல் போலச் சொரசொரப்பாக வரும், நமது கோட்டைக்கு அதுதான் வேண்டும். உருகிய மதிலை எறியவேண்டாம். பீரங்கி அடித்த இடம் என்று அதையே உடைப்புத் துண்டாக வையுங்கள். எங்களுடைய மிக அழகான உடைப்பு அப்படி வந்ததுதான்.

பொம்மைமேல் தூசி படிந்தது போல அடிப்பூச்சுச் சொரசொரக்கிறது: சித்திரை வெயிலில் எட்ட நின்று அடித்தால் பெயின்ற் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும். காலையில், ஒரு சாண் தூரத்தில், விட்டு விட்டு அடியுங்கள். மார்கழி மழையில் அடித்த மேற்பூச்சு வெண்புகையாக மங்கினால், வெயில் வந்த நாளில் மினுங்கும் வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து, காய்ந்தபின் மினுக்கமற்றதைப் பூசினால் பெரும்பாலும் தெளியும்.

அட்டைத் தளம் வளைந்தால் ஒரு பக்கம் மட்டும் பசை குடித்திருக்கிறது. மறுபக்கமும் பூசி, இரவு முழுக்க அம்மிக் குழவியை ஏற்றி வையுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு.

கறையான்: எம்.டி.எஃப். பலகையைச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். எங்கள் ஒல்லாந்தப் பதுங்குகுழிகளில் ஒன்றை அதுவே மேலும் வெட்டிச் சென்றது.

விதியில் சண்டை தீரவில்லை

விதி எழுதியவரே ஆடினால் விதி எழுதியவரே வெல்கிறார். அவரை நடுவராக்குங்கள். மூன்று நிமிடத்தில் தீராத சண்டைக்குப் பகடை. ஆட்டம் முடிந்த பின் விதியைத் திருத்துங்கள், நடுவில் அல்ல. ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். நாங்கள் ஒருமுறை உணவு விதியையும் மதில் விதியையும் சேர்த்து மாற்றினோம். ஆட்டம் நன்றாக வந்தது, எதனால் என்று இரண்டு மாதம் தெரியவில்லை.

ஒருவர் எழுந்து போய்விடுகிறார்

இதே கோட்டை 1990 இலும் முற்றுகையிடப்பட்டது. அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் நமது வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆடுகிறவர்களிலும் இருப்பார்கள்.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே எழுந்து முற்றத்தில் போய் நின்றார். யாரோ கைபேசியில் பீரங்கிச் சத்தம் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து சத்தம் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் நினைவில் வைத்திருக்கும் எந்தப் போரையும் இந்த மேசையில் வைப்பதில்லை. புதிதாக வருகிறவரிடம் என்ன ஆடப்போகிறோம், அதில் பட்டினி வரும், வெளியேற்றப்படும் சனம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பெரியவர் இப்போது மூன்றாவது ஆட்டக்காரர். கிராம அட்டைகளை அவர் கையிலிருந்து யாராலும் கவிழ்க்க முடிவதில்லை.

எல்லாம் செய்தும் ஆட்டம் நகரவில்லை

அப்படியானால் உங்களுக்கு நேரம் குறைவு, அல்லது ஆட்கள் குறைவு. பதினைந்து கிழமையை ஒரு பின்னேரத்துக்குள் அடக்கப் பார்க்காதீர்கள். கோட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீரில் நிற்கும் கடற்கோட்டையை எடுங்கள். ஒல்லாந்தர் பின்னர் ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டது. 1658 இலேயே அதையும் பிடித்தார்கள். உள்ளிருந்தவர்களுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

ஒரு சாப்பாட்டுத் தட்டளவு தீவு, ஆறு பொம்மை, இரண்டு தோணி, இரண்டு பேர். ஒரு சுற்றுக்கு ஒரு நாள். தண்ணீருக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் இருபது புளியங்கொட்டை போட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி மேசை நடுவே வையுங்கள். நாளுக்கு இரண்டு கொட்டை வெளியே எடுக்கவேண்டும். தேக்கிய தொட்டிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தால் மேலும் ஒன்று. மழைக்குப் பகடை எறியலாம், 6 விழுந்தால் நான்கு கொட்டை திரும்ப உள்ளே. நாங்கள் ஆடியபோது எட்டாம் நாளில் குவளையில் மூன்று கொட்டை இருந்தது. பெறாமகன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் வானத்தைப் பார்த்தான்.